"ஏலும் மாஸ்டர்" என்று சொல்கிற பிள்ளைகள்

வாசகர் கேள்வி பதில். பதில் எழுதுபவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்.

கேள்வி: மாஸ்டர் தம்பிக்கு, எனக்கு வயது 74. கல்லடியில் இருக்கிறேன். மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில், பொஸ்டன் பக்கம். அங்கேயே பிறந்த பேரன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறான், ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆமி உடுப்போடு நிற்கிறான். படிப்பு முடிய அதிகாரியாகப் போகப்போகிறானாம். 90ஆம் ஆண்டு கொண்டுபோன என் தம்பி இன்னும் வரவில்லை. பேரனுக்கு அப்படியே அவனுடைய சாயல். படத்தைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. விளையாட்டுப் பிள்ளை ஏன் இதற்குப் போகவேண்டும்? அந்த முரட்டு விளையாட்டுத்தான் இவனை மாற்றிவிட்டதா? மகளைக் கேட்டால் "அம்மா, உங்களுக்கு விளங்காது" என்கிறாள். நீங்களாவது விளங்கப்படுத்துங்கள்.
ஓர் அம்மம்மா, கல்லடி

பதில்: அக்கா, உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. அதை வாசித்த பிறகு மற்றதை வாசிக்க எனக்கு ஒரு நாள் எடுத்தது. அந்த உடுப்பைப் பார்த்து நீங்கள் பயந்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை பிறந்த ஊரில் அது ஓர் உத்தியோகத்தின் உடுப்பு. நம் ஊரில் அது வேறு. இரண்டும் உண்மை. உங்கள் மகள் "விளங்காது" என்று சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கு விளங்கியது அவளுக்கு விளங்கவில்லை, அவளுக்கு விளங்கியதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

முதலில் விளையாட்டைச் சொல்கிறேன். அமெரிக்கப் பள்ளிக்கூட விளையாட்டு நமக்கு அந்நியமில்லை. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார்தான் புனித மிக்கேல் கல்லூரியில் பாஸ்கட்போலை வேரூன்ற வைத்தார்கள். அவர்களில் ஒருவரான வெபர் பாதரின் பெயரில்தான் நம் மைதானம் இருக்கிறது. படிப்பையும் விளையாட்டையும் ஒரே பிள்ளையின் இரண்டு கைகள் போலப் பார்க்கிற பழக்கம் அவர்களுடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐஸ் ஹொக்கியையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

களம் ஏறக்குறைய 200 அடி நீளம், 85 அடி அகலம். நம் பாஸ்கட்போல் கோட் இரண்டை நீளவாக்கில் அடுக்கினாலும் அதைவிடக் குறைவு. தரை முழுக்க ஓர் அங்குலம் அளவுக்கு ஐஸ். ஓர் அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் காப்பாளர். பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்புமுள்ள ரப்பர் வில்லை ஒன்று உண்டு, அதைப் பக் என்பார்கள். ஆட்டத்துக்கு முன் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உறைய வைப்பார்கள், இல்லாவிட்டால் துள்ளும். முரட்டு விளையாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் காட்டுகிற கைகலப்பைப் பார்த்திருப்பீர்கள். அது பணத்துக்கு ஆடுகிறவர்களின் லீக்கில். அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஒருவன் கைகலந்தால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுவார்கள், அடுத்த ஆட்டமும் கிடையாது. முகம் முழுவதையும் மூடுகிற கவசமும் கட்டாயம்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதைவிட முக்கியமான ஒன்று. இந்த விளையாட்டில் ஒருவன் ஒரே மூச்சில் களத்தில் நிற்பது வெறும் 40, 45 வினாடி. அந்த நேரத்துக்குள் உடம்பில் உள்ளதெல்லாவற்றையும் கொடுத்து ஓடிவிட்டு, தானாகவே விளிம்புக்கு வந்து வாங்கில் உட்கார்ந்துவிட வேண்டும். அடுத்தவன் தடுப்பைத் தாண்டிக் குதிப்பான். விசில் அடிக்கும்வரை காத்திருப்பதில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறும். களைத்த பிறகும் "நான் நிற்கிறேன்" என்று நிற்பவனை அங்கே வீரன் என்று சொல்லமாட்டார்கள். அவன் கால் தளர்ந்த அந்த ஐந்து வினாடிக்குள் எதிரணி கோல் போட்டுவிடும். உங்கள் பேரன் சின்ன வயதிலிருந்து ஆடியிருந்தால் இந்த ஒன்றை ஆயிரக்கணக்கான தடவை செய்திருப்பான்: தன் பங்கை முடித்துவிட்டு வெளியே வருவது.

பல்கலைக்கழகத்தில் ஐஸ் ஹொக்கி ஆடி இராணுவ அதிகாரியானவர்கள் என்றதும் அமெரிக்காவில் முதலில் சொல்லும் பெயர் ஹோபி பேக்கர். 1892இல் பிறந்தவர். பதினொரு வயதில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். உறைந்த குளத்தில், இரவில், இருட்டுக்குள் தனியாகச் சறுக்கிப் பழகுவாராம். பக்கைப் பார்க்காமலே தடியால் உணர்ந்து கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே ஐஸ் ஹொக்கிக்கும் அமெரிக்க ஃபுட்போலுக்கும் அவரே கெப்டன். இரண்டு விளையாட்டின் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்ற ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான்.

எதிரணிக்காரர் எல்லாரும் அவரைக் குறிவைத்து இடித்தார்கள், தடியால் அடித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆடிய காலம் முழுவதிலும் அவருக்குத் தண்டனை விழுந்தது மிக மிக அரிது. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்குப் போய் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு வருவார். நியூயோர்க்கில் ஆடியபோது "இன்றிரவு ஹோபி பேக்கர் ஆடுகிறார்" என்று அரங்க வாசலில் விளக்குப் போட்டார்கள். அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டவர் அவர். அக்கா, விளையாட்டுப் பிள்ளையை முரடனாக்குமா என்று கேட்டீர்கள். என் பதில் இந்த மனிதர்.

1914இல் பட்டம் பெற்று ஒரு வங்கியில் வேலைக்குப் போனார். பகலில் அலுவலகம், இரவில் ஹொக்கி. அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. விமானம் ஓட்டப் பழகினார். முதலாம் உலகப் போருக்குள் அமெரிக்கா போனதும் 1917இல் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். 1918இல் போர் விமானம் ஓட்டினார், எதிரி விமானங்களை வீழ்த்தினார், பிரான்ஸ் அவருக்குப் போர்ச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது. பிறகு 141ஆம் விமானப் பிரிவுக்குக் கட்டளை அதிகாரி ஆனார். தன் பிரிவின் விமானங்களுக்குச் செம்மஞ்சளும் கறுப்பும் பூச வைத்தார். அது பிரின்ஸ்டனின் நிறம். எங்கே போனாலும் அந்தப் பிள்ளை தன் அணியை விட்டு வரவில்லை.

1918 நவம்பர் 11இல் போர் நின்றது. அதற்கு 40 நாள் கழித்து, டிசம்பர் 21, பிரான்சில் தூல் என்ற இடம், மழை. வீட்டுக்குத் திரும்பலாம் என்ற உத்தரவு வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை பறக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் பழுது பார்த்த ஒரு விமானத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதில் வேறொருவரை ஏற்றாமல் தானே ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இயந்திரம் நின்றது. விழுந்த இடத்திலிருந்து தூக்கினார்கள், மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் போனது. வயது 26. வீட்டுக்குப் போகும் உத்தரவு சட்டைப் பையில் இருந்தது.

இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்வார்கள். தன் ஆளை ஏற்றாமல் தான் ஏறியதற்காக நானும் அவரை வணங்குகிறேன். ஆனால் இன்னொன்றையும் நினைக்கிறேன். பேக்கர் ஆடிய காலத்தில் ஐஸ் ஹொக்கி வேறு மாதிரி இருந்தது. ஓர் அணிக்கு ஏழு பேர். ஏழாவது ஆள் களம் முழுக்கச் சுற்றுகிறவர், பேக்கரின் இடம் அதுதான். இன்று போல 45 வினாடிக்கு ஒரு தடவை ஆள் மாறுவதில்லை. இறங்கியவர்களே ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் நிற்பார்கள். வெளியே வந்து உட்காருவது என்பதை அந்த விளையாட்டு அவருக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் ஒரு பிள்ளையை உட்கார வைக்காமல் விட்டவன். எண்பதுகளின் தொடக்கம், ஒரு பாஸ்கட்போல் இறுதிப் போட்டி. என் அணியில் இருந்த மிகச் சிறந்த பெடியன் இரண்டாம் பாதியில் காலை மடக்கி விழுந்தான். கணுக்கால் வீங்கியது எனக்குத் தெரிந்தது. "ஏலுமா மனே?" என்று கேட்டேன். "ஏலும் மாஸ்டர்" என்றான். நான் அவனை எடுக்கவில்லை. வென்றோம். தோளில் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் ஆடவில்லை, சவ்வு அறுந்த காலோடு ஓடியிருக்கிறான். இப்போது டவுனில் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வான், அந்தக் காலை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. அவன் சொன்ன "ஏலும்" அவனுடைய பிழை இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? எடுக்க வேண்டியவன் நான்.

அதிகாரி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான் அக்கா. "ஏலும்" என்று சொல்கிறவனைப் பார்த்து "இல்லை, நீ இரு" என்று சொல்லத் தெரிந்தவன். தன்னைப் பார்த்தும் அதைச் சொல்லத் தெரிந்தவன்.

திரும்பி வந்த ஒருவரையும் சொல்கிறேன். ஜாக் ரைலி. டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் ஐஸ் ஹொக்கி ஆடியவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி. போர் முடிந்து வந்து 1948 ஒலிம்பிக்கில் ஆடினார். 1950இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியின் ஐஸ் ஹொக்கிப் பயிற்றுநரானவர் 36 வருஷம் அங்கேயே இருந்தார், அதிகாரியாகப் போகிற பெடியன்களுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு. இடையில் 1960 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பின் அவருடைய மகன்மார் இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராக அதே அணியைப் பயிற்றுவித்தார்கள். 95 வயதுவரை வாழ்ந்தார். நீங்கள் இரவில் நினைத்துப் பார்க்க வேண்டிய முகம் பேக்கருடையது மட்டுமில்லை.

சரி, இப்போது நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த தடவை பேரன் அழைக்கும்போது அழாமல் மூன்று விஷயம் கேளுங்கள். கையெழுத்து வைத்துவிட்டாயா என்று முதலில் கேளுங்கள். உடுப்புப் போட்ட படம் இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி எடுக்கும் முறை அங்கே உண்டு. உதவிப்பணம் வாங்காத பிள்ளை முதல் இரண்டு வருஷம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அதில் இருக்கலாம். மூன்றாம் வருஷத்தில்தான் ஒப்பந்தம் வரும். அவன் மூன்றாம் வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இந்தக் கேள்வி அவசரமானது. ஒப்பந்தம் வைத்தால் முழுநேரச் சேவையும், தேவைப்பட்டால் கூப்பிடுகிற ரிசேவும் சேர்த்து மொத்தம் 8 வருஷக் கடமை. அதை அவன் வாயாலேயே உங்களுக்குச் சொல்லட்டும். பட்டம் எடுத்த பிறகு தனியாக ஏறக்குறைய 12 வாரப் பயிற்சிக்குப் போய் அதிகாரியாகும் வழியும் இருக்கிறது. அவசரப்பட வேண்டியதில்லை என்று அவனுக்கு நினைவூட்ட அது உதவும்.

பிறகு எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பொறியியல், வைத்தியம், பொருள் வழங்கல், தொடர்பாடல் என்று எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் "ஆமி" என்றதும் காண்கிற காட்சி அவற்றில் பலவற்றுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது. தலையில், முழங்காலில், தோளில் இதுவரை என்னென்ன அடி பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஐஸ் ஹொக்கியில் இவை மூன்றும் சாதாரணம். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு, தலையில் பட்ட அடியையும் செய்த சத்திரசிகிச்சையையும் குறிப்பாகக் கேட்பார்கள். ஒன்றையும் மறைக்காதே என்று சொல்லுங்கள். தாய் சொன்னால் எரிச்சல் வரும், பயிற்றுநர் சொன்னால் பயம் வரும். அம்மம்மா சொன்னால் கேட்பான்.

இன்னொன்று. உங்கள் தம்பியைப் பற்றி அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். பெயர், அந்த நாளில் என்ன உடுத்தியிருந்தான், எந்தப் பாட்டுப் பிடிக்கும், எல்லாம். அதிகாரியாகப் போகிற பிள்ளைக்கு, உடுப்பைக் கண்டு ஒரு வீடு எப்படி நடுங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை வெஸ்ட் பொயின்டிலும் சொல்லிக் கொடுக்க முடியாது. அதைக் கேட்ட பிறகும் அவன் போனால், அது அவனுடைய முடிவு அக்கா. கேட்காமல் போகக்கூடாது.

கேள்வி: மகன் இந்த வருஷம் ஓ.எல். எழுதப்போகிறார். உதைபந்து, கிரிக்கெட், ஓட்டம் மூன்றிலும் பள்ளி அணியில் இருக்கிறார். வாப்பா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்யலாம் சேர்?
ஓர் உம்மா, கல்முனை

பதில்: எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், தங்கச்சி. மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். மேலே எழுதிய ஹோபி பேக்கர் பேஸ்போலும் நன்றாக ஆடியவர். ஒரு மாணவன் இரண்டு விளையாட்டுக்கு மேல் பல்கலைக்கழக அணியில் இருக்கக்கூடாது என்ற விதி பிரின்ஸ்டனில் இருந்தது. பேஸ்போலை விட்டுவிட்டார். அவர் பெயரில் 1981 முதல் ஒவ்வொரு வருஷமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சிறந்த ஐஸ் ஹொக்கி வீரருக்கு விருது கொடுக்கிறார்கள். அதற்கும் கோல் எண்ணிக்கை மட்டும் போதாது, நடத்தையையும் படிப்பையும் பார்ப்பார்கள்.

எதை வைத்துக்கொள்வது என்பதை மகனே சொல்லட்டும், நீங்களோ வாப்பாவோ தெரிவு செய்யவேண்டாம். அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், வாரத்தில் நான்கு நாள் போதும். முழுக்க நிறுத்திய பிள்ளைகள் அந்த நேரத்தைப் புத்தகத்தோடு செலவழித்ததை நான் என் முப்பது வருஷத்தில் அதிகம் பார்க்கவில்லை. கட்டிலில் போனோடு கிடந்ததைத்தான் பார்த்தேன்.

கேள்வி: சேர், நான் தரம் 10. யூடியூபில் ஐஸ் ஹொக்கி பார்த்து ஆசை வந்துவிட்டது. ஐஸை நான் மீன் பெட்டியில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். நம்மைப் போல வெயில் நாட்டுக்காரர் இதை ஆட முடியுமா?
ஒரு மாணவன், அக்கரைப்பற்று

பதில்: முடியும் தம்பி. பிலிப்பைன்ஸ் நம்மைப் போலவே வெயிலும் கடலும். 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹொக்கித் தங்கம் அவர்களுக்குத்தான். மண்டபத்துக்குள் குளிரூட்டிய தரையில் ஆடிப் பழகியவர்கள். இந்தியாவில் லடாக்கில் இது மக்கள் விளையாட்டு. ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் இருக்கிற லேயில், குளிர்காலத்தில் குளம் தானாகவே உறைந்துவிடும், அதன்மேல் ஆடுவார்கள். லடாக் ஸ்கவுட்ஸ் என்ற இராணுவப் பிரிவின் அணி அங்கே பலமான அணிகளில் ஒன்று.

உனக்கு ஐஸ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கனடாவில் கோடை காலத்தில் பிள்ளைகள் தெருவில் டெனிஸ் பந்தோடு இதையே ஓடி ஆடுகிறார்கள். நீயும் அப்படித் தொடங்கு. சிமெந்துத் தரை வேண்டும், வாகனம் வராத இடம் வேண்டும். பள்ளியில் ஹொக்கித் தடி இருந்தால் கேட்டு வாங்கு, இல்லையென்றால் அடி வளைந்த கிளையைச் சீவி எடுத்துக்கொள். தடியை இடுப்புக்கு மேல் தூக்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. ஒருவன் கையில் மணிக்கூடு. 45 வினாடி ஆனதும் "மாறு" என்று கத்த வேண்டும், உள்ளே இருப்பவன் "எனக்கு ஏலும்" என்று சொன்னாலும் இறங்கிவிட வேண்டும். முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுது.